ஏட்டை வைத்திருப்பவர்: கூகிளும் நெகிரி செம்பிலான் தோட்டங்களும்



தோட்டப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் நினைவாக ஏற்பட்ட சொற்பொழிவு இது. தமிழைப் பற்றியும் தமிழர் வாழ்வைப் பற்றியும் பேச வேண்டும் என்பது இதன் ஒரே நிபந்தனை. 'கூகிள்' என்று தலைப்பைச் சொன்னபோது ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர், "இது கணினிக்காரங்க பேச வேண்டிய விஷயம் இல்லையா ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று நம் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றியோ தாத்தா காலத்தைப் பற்றியோ ஏதாவது தெரிந்துகொள்ள நினைத்தால் முதலில் கைப்பேசியைத்தான் கேட்கிறார்கள். பெற்றோரும் ஆசிரியரும் அதற்குப் பிறகுதான். அந்தக் கைப்பேசிக்குள்ளிருந்து பதில் சொல்வது பெரும்பாலும் ஒரே நிறுவனம். அதற்கு நம்மைப் பற்றி என்ன தெரியும், எது தெரியாது, ஏன் தெரியாது என்று கேட்பது நம் மொழியைப் பற்றிய கேள்வி என்றே கருதுகிறேன்.

ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குக் கூடியவர்களுக்கு, தோட்டத்து எழுத்தரான கிராணியைத் தெரியும். ஆபீசில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு அவர் கையில் இருக்கும். அதில் பெயர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு; விழாவிட்டால் இல்லை. பிள்ளை பிறந்தால் அவரிடம் சொல்ல வேண்டும், அவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் அந்தப் பிள்ளையின் பெயர் ஆங்கில எழுத்தில் ஏறும். ஊரிலிருந்து கடுதாசி வந்தால் படித்துக் காட்டச் சிலர் அவரிடம் போவார்கள். துரையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானாலும் அவர் வழியாகத்தான். நல்ல கிராணிகள் பலர் இருந்தார்கள். மனு எழுதிக் கொடுத்து ஒரு காசு வாங்காதவர்கள் உண்டு. வேறு விதமானவர்களும் உண்டு. ஆனால் இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்று இருந்தது. ஏடு அவர்களிடம் இருந்தது. தன்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் வழி, எழுதப்பட்டவருக்கு இல்லை.

கூகிளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிராணியின் நினைவு வருகிறது. உதவுகிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறது, ஏட்டைத் தன்னிடம் வைத்திருக்கிறது. இந்த மாலையில் நான் சொல்ல வந்தது இதுதான்: அந்த ஏட்டில் நெகிரி செம்பிலான் தோட்டத்து மக்கள் அநேகமாக எழுதப்படவே இல்லை. எழுதுவது நம்மால் ஆகிற காரியம். அதற்கான காலம் குறைவாக இருக்கிறது.

முதலில் உதவியைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் குறைகளுக்குப் போவது அநியாயம்.

தோட்டத்தை விட்டு வெளியேறி, செனவாங் பக்கம் மலிவு விலை அடுக்குமாடியில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருஷம் போனவர். பிறகு தம்பி தங்கைகளை ஆயாக்கொட்டகையில் விடாமல் வீட்டில் பார்த்துக்கொள்வதற்காக நிறுத்தப்பட்டவர். இன்று அவர் கைப்பேசியில் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு, "முருகன் பாட்டு போடு" என்கிறார், யூடியூப் பாடுகிறது. மூட்டுவலிக்கு என்ன கஷாயம் என்று கேட்கிறார். தமிழ்நாட்டில் தன் தகப்பனார் பிறந்த கிராமத்தின் பெயரைச் சொல்லி அதன் ஏரியையும் கோயிலையும் படத்தில் பார்க்கிறார். கப்பல் ஏறி வந்தவர் கடைசிவரை திரும்பிப் பார்க்காத ஏரி அது. எழுத்தறிவு குறைந்தவர், யாரையும் கெஞ்சாமல், தன் குரலால் ஒரு நூலகத்தின் கதவைத் தட்டுகிறார். தோட்டங்கள் உண்டான காலத்திலிருந்து நம் பெண்களுக்கு இப்படி ஒரு வசதி வாய்த்ததில்லை.

இன்னொன்று. பழைய தோட்டப்பள்ளியில் படித்த பெரியவர்கள் பலர் தமிழ் நன்றாக வாசிப்பார்கள். மலாய் பேசுவார்கள், அலுவலக மலாய் வாசிப்பது கடினம். மாவட்ட அலுவலகக் கடிதம், ஊழியர் சேமநிதிக் கடிதம், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புப் படிவம் எல்லாம் மலாயில் வரும். இப்போது கைப்பேசிப் படக்கருவியைக் கடிதத்தின் மேல் காட்டினால் தமிழ் தெரிகிறது. கூகிள் மொழிபெயர்ப்பு 2006இல் தொடங்கியது. தமிழ் அதில் சேர்ந்தது 2011 ஜூனில். நரம்பிணைய முறை வந்த பிறகு, 2017 முதல், அதன் தமிழ் தேறியிருக்கிறது. இன்னும் பிசகும், சட்டக் கடிதத்துக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. ஆனாலும் கடிதம் பணத்தைப் பற்றியதா, நிலத்தைப் பற்றியதா, எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு பெரியவருக்கு இப்போது அடுத்தவர் தயவு வேண்டியதில்லை.

இந்த வசதிகள் கலிஃபோர்னியாவிலிருந்து தாமாக இறங்கி வந்தவை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தமிழ் கணினியில் ஏறியதில் மலேசியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய முரசு அஞ்சல்தான் நம் பத்திரிகைகளுக்கும் பள்ளிகளுக்கும் தமிழ்த் தட்டச்சைக் கொண்டுவந்தது. கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்ப அவர் உருவாக்கிய செல்லினம் 2005இல் வந்தது. அப்போது ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றுகூடச் சந்தையில் இல்லை. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. எழுத்துருக் குறியாக்கம் ஒன்றாக வேண்டும் என்று வாதாடியவர்களில் நம் நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். யூனிகோடு என்ற பொது முறை நிலைபெற்ற பிறகுதான் எந்தத் தேடுபொறிக்கும் தமிழ் வாசிக்க முடிந்தது. கூகிளின் குரலறியும் சேவையில் இன்று இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் என்று நான்கு தனித்தனியாக இருக்கின்றன. நம் பேச்சுக்குத் தனி இடம் கிடைத்திருப்பது சின்ன விஷயம் அல்ல. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2015இல் அந்த நிறுவனத்தின் தலைமைக்கு வந்ததையும் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்லிக்கொள்வோம். ஆனால் தலைமையில் யார் இருந்தாலும், எழுதப்படாத ஒன்றைத் தேடுபொறி கண்டுபிடிக்காது.

இனி குறைகளின் பக்கத்துக்கு வருவோம்.

சிலியாவ் வட்டாரத்தில் அதர்ட்டன் தோட்டம் இருக்கிறது. அதன் பெயரில் தமிழ்ப்பள்ளியும் உண்டு. 'அதர்ட்டன்' என்று மட்டும் ஆங்கிலத்தில் தேடினால் முன்னே வந்து நிற்பது கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு சிற்றூர். அமெரிக்காவின் பெரும் பணக்காரர்கள் குடியிருக்கும் இடங்களில் ஒன்று. அதை ஒட்டிய ஊர் மென்லோ பார்க்; 1998 செப்டம்பரில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஒரு வீட்டுக் கார்க் கொட்டகையை வாடகைக்கு எடுத்துக் கூகிளைத் தொடங்கியது அங்கேதான். இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே ஓர் அதர்ட்டன் இருக்கிறது, ஒரு மிடில்டனும் இருக்கிறது. நம் ஜெம்போல் பக்கத்து மிடில்டன் தோட்டத்துக்காரர், லாபுவின் கெர்பி தோட்டத்துக்காரர், கெமெஞ்சேயின் ரீஜெண்ட் தோட்டத்துக்காரர் எல்லாருக்கும் இதே கதைதான். வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பெயர்கள். அந்தப் பெயர்களில் நாம் மூன்று நான்கு தலைமுறை பிறந்து, மணந்து, இறந்திருக்கிறோம். இன்று அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் வருவது வேறு யாருடைய ஊரோ.

பெயரோடு 'எஸ்டேட்', 'நெகிரி செம்பிலான்' என்று சேர்த்துத் தேடினால் நிலைமை மாறும். அப்போது வரும் பக்கங்களை நிதானமாகப் பாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை எண்ணுருவாக்கி எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. மிக உயர்ந்த சேவை அது. 1910கள், 20கள், 30களில் நம் தோட்டங்களைப் பற்றி ஆங்கிலத் தாள்களில் வந்த செய்திகள் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. லண்டனில் நடந்த பங்குதாரர் கூட்டத்தின் அறிக்கை, எத்தனை ஏக்கரில் பால்மரம், எத்தனை பவுண்டு உலர் ரப்பர், ஒரு பவுண்டுக்கு அடக்கவிலை என்ன, பங்குக்கு ஈவு எவ்வளவு, எந்த மேனேஜர் ஆறு மாத விடுப்பில் கப்பலேறினார், எந்தக் கிளப்பில் யார் கோல்ஃப் பந்தயத்தில் வென்றார். எல்லாம் உண்டு. பால் வெட்டியவர் அந்த அறிக்கைகளில் ஒரு செலவினமாக மட்டும் தென்படுகிறார். கூலி குறைந்தது, கூலி கூடியது, ஆள் பற்றாக்குறை, காய்ச்சல் குறைந்திருக்கிறது. இவைதான் அவரைப் பற்றிய வரிகள்.

தேடுபொறி இதை வேண்டுமென்று செய்யவில்லை. எழுதியவர்கள் எழுதியதை எடுத்துக் கொடுக்கிறது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதே நூலகத் தொகுப்பில் சேர்ந்திருப்பதால் ஓரளவு தமிழ்க் குரலும் கேட்கிறது. தமிழ் நேசன் 1924 முதல் வந்தது. 2019 பிப்ரவரி முதல் நாளோடு நின்றுபோனது. தோட்டத்துத் திருவிழா, நன்கொடைப் பட்டியல், வேலைநிறுத்தம், இரங்கற் செய்தி, கிராணியைப் பற்றிய புகார்க் கடிதம் என்று தொண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்வு அதில் இருக்கிறது. சிரம்பானிலிருந்து தொழிற்சங்க வாழ்வைத் தொடங்கிய பி. பி. நாராயணன் கட்டியெழுப்பிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 'சங்கமணி' என்ற இதழை நடத்தியது. இவை எல்லாம் ஒரு பள்ளி மாணவி வீட்டிலிருந்தே தன் தோட்டத்தின் பெயரைத் தமிழில் இட்டுத் தேடும் நிலைக்கு வர வேண்டும். அதுவரை, அவளுக்குத் தோட்டத்தின் கதையைச் சொல்வது பங்குதாரர் கூட்டத்தின் அறிக்கைதான்.

இதைவிட வலிக்கும் இடம் ஒன்று உண்டு. சயாம் - பர்மா ரயில் பாதை. ஜப்பானிய ஆட்சியில் 1942 முதல் 1943 வரை 415 கிலோமீட்டர் தூரம் காட்டை வெட்டிப் போட்ட பாதை. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் ஆட்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேர் அடங்கியிருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தளத்தில் ஒரு பெயரை இட்டால், அந்தப் படைவீரரின் படைப்பிரிவு, இறந்த நாள், கல்லறை எண் வரை வருகிறது. அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று விமானமேறி வந்து சரியாக அந்தக் கல்லின் முன் நிற்க முடிகிறது. அது அவர்களுக்கு உரிய மரியாதை. ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. தமிழர் அதில் பெரும் பகுதி. அவர்களுக்கு அப்படியொரு பெயர்ப் பட்டியல் கிடையாது. தாத்தாவின் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் வராது. சிலியாவிலோ ரொம்பினிலோ ஒரு வீட்டில், "அப்பாவோட அண்ணன் சயாமுக்குப் போனவர், திரும்பல" என்று சொல்லும் ஒரு முதியவரின் வாயில் மட்டும் அந்தப் பெயர் இருக்கிறது. அந்த வாய் மூடினால் பெயரும் போய்விடும்.

தேடுபொறி எதை மேலே காட்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேஜும் பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் கண்ட முறையின் அடிப்படை எளிது: ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, கொடுப்பவை எவ்வளவு மதிப்புடையவை என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துவது. இன்று அதோடு நூற்றுக்கணக்கான அளவைகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. பலர் எழுதி, பலர் சுட்டிக்காட்டிய விஷயம் மேலே நிற்கும். ஒருவரும் எழுதாத தோட்டம் வரிசையிலேயே வராது. நாம் எழுதாமலும் இல்லை. முகநூலில் எழுதுகிறோம், வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறோம், குரல் பதிவு அனுப்புகிறோம். வாட்ஸ்அப்பில் போட்டது எந்தத் தேடலிலும் வராது. முகநூலில் போட்டது ஒரு வாரத்தில் ஆழத்துக்குப் போய்விடும். கோயில் திருவிழா மலரைப் பழைய எழுத்துருவில் அச்சடித்து, படமாக ஏற்றி வைத்தால் அதுவும் தேடலில் சரியாகச் சிக்காது.

நாம் எழுதாத இடத்தை வேறு யாராவது நிரப்புவார்கள் என்பதற்கு ஒரு பாடம் நம் மொழியிலேயே இருக்கிறது. 2009 முதல் கூகிள், கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஆங்கிலக் கட்டுரைகளைப் பெயர்த்துச் சேர்த்தது. இந்திய மொழிகளில் தேடுபவர்களுக்குக் காட்ட உள்ளடக்கம் குறைவாக இருந்ததால் தொடங்கிய வேலை அது. வந்தவற்றில் அமெரிக்கத் திரைப்படம், பாடகர், நோய்ப்பெயர் என்று நீண்ட கட்டுரைகள். நடை கரடுமுரடு. இல்லாத கட்டுரைகளைச் சுட்டும் சிவப்பு இணைப்புகள் மண்டிக் கிடந்தன. தமிழ் விக்கிப்பீடியாவில் தன்னார்வமாக எழுதிவந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எந்தத் தலைப்புகள் தமிழருக்குத் தேவை, தரம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்தோடு பேசினார்கள், திருத்தக் கேட்டார்கள். அந்த அனுபவத்தை அ. இரவிசங்கர் 2010இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் எடுத்து வைத்தார். உலகின் மிகப் பெரிய தேடல் நிறுவனத்திடம், "எங்கள் மொழியில் எது இருக்க வேண்டும் என்று எங்களையும் கேளுங்கள்" என்று ஒரு சிறு தமிழ்க் குழு சொல்லிக் கேட்க வைத்தது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை உண்டு. கேட்பதற்கு அவர்கள் இருந்தார்கள், எழுதிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் அவர்கள் பேச்சு எடுபட்டது.

அடுத்து வரைபடம். நம் வீடுகளில் அதிகம் புழங்குவது அதுதான். மலேசியாவில் 'வேஸ் போடு' என்பது அன்றாடப் பேச்சாகிவிட்டது. கூகிள் மேப்ஸ் வேறு, வேஸ் வேறு என்று நினைப்பவர்கள் பலர். 2013இலேயே கூகிள் வேஸை வாங்கிவிட்டது. ஓடும் கார்களின் கைப்பேசிகள் அனுப்பும் இருப்பிடத் தகவலைச் சேர்த்துத்தான் இவை நெரிசலையும் வழியையும் அறிகின்றன. ஆள் நடமாட்டம் மிகுந்த சிரம்பான் நெடுஞ்சாலை அவற்றுக்குத் தெளிவாகத் தெரியும். செம்பனைக் காட்டுக்குள், பிளாக் எண் மட்டும் எழுதிய கல்லுக்குப் பக்கத்தில் பிரியும் செம்மண் பாதை தெரியாது. மழைக்காலத்தில் எந்தப் பாலம் தண்ணீரில் மூழ்கும் என்பது அங்குள்ள லாரி ஓட்டுநருக்குத் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது.

பாதையைவிடப் பெயர் முக்கியம். தோட்டத்தில் தீம்பார் என்று நாம் சொல்லும் ஒவ்வொரு மரக்காட்டுப் பகுதிக்கும், ஒவ்வொரு வளைவுக்கும் நாம் வைத்த பெயர் இருக்கிறது. முனியாண்டி கோயில் மேடு, பழைய ஸ்டோர் லயம், பால் கொட்டகை இறக்கம். தோட்டம் விற்கப்பட்டு மனை போட்டதும் முதலில் மறைவது இந்தப் பெயர்கள். லயம் என்ற குடியிருப்பு வரிசை இடிபடுவதற்கு முன்பே பெயர் போய்விடும். ஏனென்றால் மேம்பாட்டாளரின் வரைபடத்தில் அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கோயிலும் இடுகாடும் அதற்கடுத்த கவலை. நம் கோயில்கள் பல, தோட்ட முதலாளியின் வாய்வார்த்தையில் எழுந்தவை, நிலப்பத்திரம் கிடையாது. நிலம் கைமாறும்போது, 'இது எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறது?' என்ற கேள்வி வரும். அந்த நேரத்தில் தேதியிட்ட படம், தேதியிட்ட திருவிழா மலர், வரைபடத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே குறித்த புள்ளி எல்லாம் துணைக்கு வரும். நம் இளைஞர்கள் சிலர் தாங்களாகவே கோயில்களை வரைபடத்தில் சேர்த்திருக்கிறார்கள். யாரும் கேட்காமல் செய்த நல்ல வேலை. இடுகாடுகளை அதிகம் பேர் தொடவில்லை. அவற்றையும் குறிக்க வேண்டும்.

கூகிள் எர்த்தில் 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. நீலாய், சிப்பாங் பக்கம் வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். பச்சை, பச்சை, பச்சை. 90களின் நடுவில் ஒரு பெரிய செம்மண் புண் திறக்கிறது. பிறகு இரண்டு நேர்கோடுகள். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம். அது திறந்தது 1998 ஜூனில். கூகிள் நிறுவனமானது அதே ஆண்டு செப்டம்பரில். அந்தப் பச்சைக்குள் தோட்டங்கள் இருந்தன, பள்ளி இருந்தது, கோயில் இருந்தது. படத்தில் அவை தெரியாது. அந்தக் காலத்துச் செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பத்துக் குடும்பம் ஒட்டி வாழ்ந்த ஒரு லயம் மொத்தமும் அதிகம் போனால் ஓரிரு புள்ளிகள். நாற்பது ஆண்டு நிலத்தைக் கண்கொட்டாமல் பார்த்த ஒரு கருவியால் அங்கே மனிதர்கள் குடியிருந்ததைக் காண முடியவில்லை. மனிதர்களைச் சொல்ல மனிதர்கள்தான் வேண்டும்.

நிலத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தியை விட முடியாது. 2024 மே மாதம் கூகிள், மலேசியாவில் 200 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டில் தரவு மையமும் மேகக்கணினிச் சேவையும் அமைக்கப்போவதாக அறிவித்தது. முதல் இடம் சிலாங்கூரில் எல்மினா. அந்தப் பெயர் உங்களில் மூத்தவர்களுக்குத் தோட்டத்தின் பெயராகத்தான் தெரியும். 2025இல் நம் மாநிலத்துக்கே வந்துவிட்டது. போர்ட்டிக்சன் மாவட்டத்தில் 389 ஏக்கர் நிலத்தை வாங்கியிருந்த கமூடா நிறுவனம், அதைக் கூகிளைச் சேர்ந்த பெர்ல் கம்ப்யூட்டிங் மலேசியாவுக்கு விற்றது. நிலத்தைத் தயார்செய்யும் நூறு கோடி ரிங்கிட்டைத் தாண்டிய ஒப்பந்தமும் கையெழுத்தானது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் சேர்த்து மலேசியா விஷன் வேலி என்ற பெயரில் 1,53,411 ஹெக்டேருக்குத் திட்டம் தீட்டப்பட்டிருக்கிறது. அதில் பெரும் பரப்பு நம் முன்னோர் நட்ட தோட்டம்.

இதை நான் எதிர்க்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு அங்கே மின்வேலை, குளிரூட்டி வேலை, பொறியியல் வேலை கிடைத்தால் மகிழ்வேன். பாதுகாவலர் வேலையும் துப்புரவு வேலையும் மட்டும் நமக்கு மிஞ்சினால் வருந்துவேன். உலகத்தின் நினைவைச் சேமிக்கும் கட்டடங்கள் நம் மாவட்டத்து மண்ணில் எழப்போகின்றன. அந்த மண்ணில் இருந்தவர்களின் நினைவு அந்தக் கட்டடத்துக்குள் ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசை.

ஆதிக்கத்தைப் பற்றி ஒரு சொல். 2024 ஆகஸ்டு 5ஆம் தேதி வாஷிங்டன் நீதிமன்றத்தில் நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகிள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். தன் தேடல் கருவியே கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் முதலில் நிற்பதற்காக 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அந்த வழக்கில் வெளிப்பட்டது. 2025 செப்டம்பரில் வந்த தீர்வு ஆணை, குரோம் உலாவியை விற்கச் சொல்லவில்லை. பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடுத்து, போட்டியாளர்களோடு சில தரவுகளைப் பகிரச் சொன்னது. நமக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே. நாம் கூகிளைத் தேர்ந்தெடுக்கவில்லை. வாங்கிய கைப்பேசிக்குள் அது முன்பே உட்கார்ந்திருந்தது. பள்ளியிலும் அப்படியே. 2020இல் கல்வியமைச்சின் டெலிமா தளம் வந்ததிலிருந்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கும் கூகிள் கணக்கு ஒன்று கிடைத்துவிடுகிறது. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பாடம் கேட்ட தோட்ட வீடுகளை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அது பாடத்தை வீடுவரை கொண்டு சேர்த்தது. அதே சமயம் ஏழு வயதிலேயே ஒரு பிள்ளையின் பெயர் அந்த ஏட்டில் ஏறிவிடுகிறது. என்ன தேடுகிறது, எதைப் பார்க்கிறது என்ற குறிப்பும் கூடவே ஏறுகிறது. அதைப் பெற்றோர் பார்க்கவும் அழிக்கவும் கணக்கின் அமைப்புகளில் வழி இருக்கிறது. பழைய கிராணியிடம் அந்த வழி இல்லை. இந்தப் புதிய கிராணியிடம் இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

இப்போது இன்னொரு திருப்பம் வந்திருக்கிறது. 2024 மே முதல் அமெரிக்காவில் தொடங்கி, பக்கங்களின் பட்டியலுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு தானே எழுதிய ஒரு பதிலைக் கூகிள் வைக்கிறது. முன்பு பட்டியலில் கீழே கிடந்தாலும் தேடிப்போய்ப் படிக்க ஒரு வாய்ப்பு இருந்தது. இனி பெரும்பாலோர் முதல் பத்தியோடு நின்றுவிடுவார்கள். தோட்டத் தமிழர் என்று கேட்டால் அந்தப் பத்தி எதைக் கொண்டு எழுதப்படும்? கையில் இருப்பதைக் கொண்டுதான். பங்குதாரர் அறிக்கை இருக்கிறது, அரசுக் குறிப்பு இருக்கிறது, வறுமையும் குண்டர் கும்பலும் என்ற செய்தித் தலைப்புகள் இருக்கின்றன. நம் கூட்டுறவுச் சங்கம், நம் நாடகக் குழு, திடலில் துணி கட்டிப் போட்ட படம், தீபாவளிக்கு முன் இரவு லயத்தில் முறுக்குப் பிழிந்த பெண்களின் பேச்சு, 1960களில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற துண்டாடலில் வேலை இழந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கதை இவை எல்லாம் எழுத்தில் இருந்தால்தான் அந்தப் பத்திக்குள் நுழையும். இதனால்தான் காலம் குறைவு என்றேன்.

ஆகவே வேலையைப் பற்றிப் பேசி முடிக்கிறேன்.

நெகிரி செம்பிலானில் அறுபதை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பலவற்றின் பெயரில் தோட்டம் என்று பொருள்படும் 'லாடாங்' இன்னும் நிற்கிறது. தோட்டம் போய்ப் பள்ளி மட்டும் வேறிடத்தில் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் கதையும் உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் பழைய நிறைவிழா மலர்கள், வருகைப் பதிவேடுகள், குழுப்படங்கள் அலமாரியில் இருக்கின்றன. கறையான் தின்பதற்கு முன் அவற்றைப் படமெடுங்கள். மலரை யூனிகோடில் தட்டச்சு செய்து ஏற்றுங்கள். முழுவதும் முடியாவிட்டால் பொருளடக்கத்தையும் பெயர்ப் பட்டியலையுமாவது செய்யுங்கள். ஏற்றுவதை ஒரே நிறுவனத்தின் கையில் விடாதீர்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் தோட்டத்துக்கு ஒரு கட்டுரை, விக்கிமீடியா பொதுவகத்தில் படங்கள், தமிழ் மரபு அறக்கட்டளை போன்றவர்களிடம் ஒரு படி, பள்ளியில் ஒரு படி. நாளைக்கு ஒரு கதவு மூடினாலும் மற்றது திறந்திருக்கும்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பணி கொடுங்கள். தாத்தா பாட்டியிடம் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கேள்வி எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் "பாட்டி, பழைய கதை சொல்லுங்க" என்று கேட்டு அதோடு நின்றுவிடும். எந்த லயத்தில் பிறந்தீர்கள்? பெரட்டு எத்தனை மணிக்கு? உங்கள் நிரையில் எத்தனை மரம்? வேலையை மேற்பார்த்த தண்டல் யார்? ஆயாக்கொட்டகையில் யார் இருந்தார்கள்? கோயில் எந்த ஆண்டு, யார் கல் வைத்தார்கள்? பிள்ளை பெறும்போது மருத்துவச்சி யார்? சயாமுக்குப் போனவர்கள் உங்கள் லயத்தில் யார் யார்? அவர்கள் பெயர் என்ன? எந்த ஊர்க்காரர்? இடுகாடு எங்கே, அங்கே இப்போது என்ன இருக்கிறது?

பெயர்களை எழுதும்போது இரண்டு விதமாகவும் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் அழைத்த தமிழ்ப்பெயர் ஒன்று. அடையாள அட்டையில் கிராணியின் காதில் விழுந்தபடி ஏறிய ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொன்று. தோட்டத்தின் பெயரையும் அப்படியே: ஆங்கிலத்தில், மலாயில், நாம் கூப்பிட்டபடி தமிழில். நாளைக்கு எந்தப் பேரப்பிள்ளை எந்த மொழியில் எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் அந்த ஆள் கிடைக்க வேண்டும்.

பதிவுகளைத் தட்டச்சு செய்யக் கை வேண்டும். அந்தக் கைகள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் முன்வரிசையில் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்க ஏற்பாட்டுக் குழுவினர் வாசலில் இருப்பார்கள். வரும் மாதத்தில் சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தொடங்கலாம். அங்கே சயாமைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.